மூட்டு வலிக்கு மூலிகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டு வலிக்கு மூலிகையை நாடுவோர் செய்யும் முதல் தவறு, வலி எந்த நோயால் வந்தது என்று அறியுமுன்னரே மருந்தைத் தேடுவது. முழங்காலில் குருத்தெலும்பு தேய்வதும், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும், யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து கால் பெருவிரல் திடீரென வீங்குவதும் வெவ்வேறு நோய்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்காமல் தைலத்தை நம்பிக் கழிக்கும் மாதங்களில் எலும்பு அரிக்கப்பட்டுவிடலாம். அந்தச் சேதம் பின்னர் சரியாவதில்லை. காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமையலறை அளவையே மருந்தின் அளவாக எண்ணுவது அடுத்த தவறு. மஞ்சளில் மருந்துக் குணம் உள்ளதாகக் கருதப்படும் பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூளில் அது 100 மில்லிகிராம் அளவே தேறும். முழங்கால் வலி ஆய்வுகளிலோ, பிரித்தெடுத்த குர்குமினை நாளொன்றுக்குப் பல நூறு மில்லிகிராம் முதல் ஒரு கிராமுக்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த முடிவுகளை மஞ்சள் பாலுக்குப் பொருத்த இயலாது. ஆயுர்வேதத்தில் சல்லகி எனப்படும் மரப்பிசினின் செறிவூட்டிய சாறு, முழங்கால் தேய்மான வலியை ஓரளவு குறைப்பதாக பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வு கூறியது. முடக்கத்தான் கீரைக்கான சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிலும் கிடைத்தவை. தோசையில் அரைத்துச் சேர்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை; அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பிழை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலச் சூரணம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும், ஏனெனில் இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அதை நெடுநாள் உட்கொண்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். சந்தேகம் வந்தவுடன் தானாகவே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தே. உடல் தனக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். மீதிப் பொட்டலத்துடன் மருத்துவரிடம் சென்று, அவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

மூலிகை என்பதால் பக்கவிளைவு இராது என்ற எண்ணமும் தவறு. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் குர்குமின் மாத்திரையையும் சேர்த்தால் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடலாம். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கேட்கும் மருந்துப் பட்டியலில் மூலிகைகளையும் சொல்ல வேண்டும்.