கப்பல் கேபினில் நிம்மதியாகத் தூங்க: என் அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் சொகுசுக் கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது கீழ்த் தளத்தில், முன்பக்கக் கேபின். நடுக்கடலில் ஒரு தொந்தரவும் இல்லை. பினாங்கை நெருங்கிய விடியற்காலையில்தான் கட்டில் அதிரத் தொடங்கியது. மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் கிணுகிணுவென்று தானே நகர்ந்தது. அம்மா பயந்து எழுந்துவிட்டார். காரணம், கப்பலின் மூக்குப் பக்கம், தண்ணீருக்கடியில் த்ரஸ்டர்கள் என்ற சுழல்விசிறிகள் இருக்கின்றன. கரை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவது அவைதான்.

அடுத்த முறை பதிவு செய்யுமுன் தள வரைபடத்தை எடுத்துவைத்து, என் கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் குளமோ பஃபேயோ இருந்தால் விடியுமுன்பே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே தியேட்டர் இருந்தால் இரவில் பாட்டுக் கச்சேரி. பின்பக்கக் கீழ்த் தளங்களில் புரொப்பெல்லர் அதிர்வு. பெயர் போடாத வெற்றிடம் பெரும்பாலும் ஊழியர் பகுதி. அங்கே தள்ளுவண்டி உருளலாம். பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு உள்ள கேபினும் வேண்டாம், பேச்சு அப்படியே கேட்கும்.

கடைசியில் நடுப்பகுதியில், லிஃப்டிலிருந்து சற்றுத் தள்ளி எடுத்தேன். அங்கே ஆட்டமும் குறைவு. கேபினைக் கம்பெனியே ஒதுக்கும் மலிவுக் கட்டணம் என் கணக்கில் லாபமே இல்லை. அப்புறம், அலமாரி ஹேங்கர்கள் கடகடத்தால் இடையில் ஒரு துண்டைச் செருகிவிடுங்கள், அடங்கிவிடும்.