ஒரு நாடு ஏன் அப்படி வாக்களித்தது? ஐ.நா. வாக்கு விளக்கத்தைத் தேடிப் படிப்பது எப்படி

அக்கா மகள் கல்லூரியில், மாணவர்கள் ஆளுக்கொரு நாடாகப் பேசும் மாதிரி ஐ.நா. போட்டி. அவளுக்கு இந்தியா வந்திருந்தது. "மாமா, 2023 அக்டோபர்ல காசா தீர்மானத்துக்கு நாம என்ன ஓட்டுப் போட்டோம், ஏன் போட்டோம்னு பார்த்துச் சொல்லுங்க" என்று முத்தியால்பேட்டையிலிருந்து போன் செய்தாள். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது, அதிலும் முதலில் சொன்னது தப்பு. இப்போது வழி பிடிபட்டிருக்கிறது. அவளைப் போல முதல்முறை தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பொதுச்சபை, பாதுகாப்பு சபை, ஜெனீவாவிலுள்ள மனித உரிமைகள் பேரவை மூன்றும் வேறுவேறு என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரைவுத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது, பச்சை (ஆதரவு), சிவப்பு (எதிர்ப்பு), மஞ்சள் (இரண்டும் இல்லை) பொத்தான்களில் இதை ஏன் அழுத்துகிறேன் என்று ஒரு நாடு சொல்வதுதான் வாக்கு விளக்கம். வாக்கெடுப்புக்கு முன்பும் சொல்லலாம், பின்பும் சொல்லலாம். பொதுச்சபையில் இதற்கு 10 நிமிடம். ரகசிய வாக்கெடுப்பு என்றால் விளக்கம் கிடையாது. வரைவை முன்மொழிந்த நாடு தன் வாக்கை விளக்கவும் முடியாது. 10 நிமிடக் கணக்கு தவிர மற்றவை பொதுச்சபையின் 88ஆம் விதியில் இருப்பவை. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே எழுந்து விளக்கம் சொல்லப் போனால் தலைவர் உட்காரச் சொல்லிவிடுவார்.

படி 1: வரைவைக் கையில் எடுங்கள்

ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் தேடுங்கள். செய்தித் தளங்களில் ஆரம்பிக்கவே வேண்டாம். ஆவண எண்ணில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து வந்தால் அது வரைவு. நான் மிஷன் வீதி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பேனாவோடு படிப்பேன். முன்னுரைப் பத்திகளை வேகமாகக் கடந்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், எண் போட்ட செயற்பத்திகளுக்கு வாருங்கள். நாடுகள் சண்டை போடுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 2: எந்த வாக்கெடுப்பு என்று பாருங்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில். 2023 அக்டோபர் 27 அன்று பொதுச்சபையில் காசா தீர்மானத்தோடு, கனடா கொண்டுவந்த திருத்தமும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஹமாஸ் தாக்குதலையும் பிணைக்கைதிகளைப் பிடித்ததையும் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்பது திருத்தம். இந்தியா அதற்குப் பச்சை. நான் அந்த வாக்கு எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டு, "நாம ஆதரிச்சோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் முழுத் தீர்மானத்துக்கு இந்தியா அழுத்தியது மஞ்சள். ஒரே நாள், ஒரே அரங்கம், இரண்டு நிறம்.

அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களைவிட ஆதரித்தவர்கள் அதிகம். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் விழுந்தது. இந்தக் கணக்கில் ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டுமே கூட்டுவார்கள், மஞ்சள் சேராது. அதனால் திருத்தம் உண்டா, பத்திக்குப் பத்தி தனி வாக்கெடுப்பு நடந்ததா, கடைசியில் முழு வரைவுக்கு என்ன ஆனது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களிலும் ஒரு குழப்பம் வரும். இந்தத் தீர்மானத்துக்கு (ஆதரவு–எதிர்ப்பு–மஞ்சள் என்ற வரிசையில்) 120–14–45 என்று சில இடத்திலும் 121–14–44 என்று சில இடத்திலும் பார்ப்பீர்கள். முதலில் மஞ்சளில் விழுந்திருந்த ஈராக்கின் வாக்கு பிறகு ஆதரவாகத் திருத்தப்பட்டது. பின்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சொல். மஞ்சள் அழுத்தினால் "இந்தியா புறக்கணித்தது" என்று நம் பத்திரிகைகள் பல நேரம் எழுதுகின்றன. புறக்கணிப்பு என்றால் எழுந்து வெளியே போவது. மஞ்சள் அழுத்திய நாடோ உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, எழுந்து காரணமும் சொல்கிறது. வராத நாட்டின் பெயர் ஆதரவு, எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. நான் 'வாக்களிப்பைத் தவிர்த்தது' என்றுதான் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 3: விளக்கத்தைத் தேடுங்கள்

பொதுச்சபைக் கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு ஐ.நா.வின் ஆறு மொழிகளிலும் வரும். அதில் பிரெஞ்சும் ஒன்று என்பது பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு நல்ல வசதி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மங்கலாக இருந்தால் பிரெஞ்சுப் பதிவைத் திறந்து பார்ப்பேன், பல நேரம் தெளிந்துவிடும். இந்தியாவின் பேச்சு மட்டும் போதும் என்றால் நியூயார்க்கிலுள்ள இந்தியத் தூதுக்குழுவின் தளத்தில் கிடைக்கும். பொது விவாதப் பேச்சை எடுத்துவிடாதீர்கள், தலைப்பில் 'வாக்கு விளக்கம்' என்று இருக்க வேண்டும்.

படி 4: விளக்கத்தைப் பத்தியோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்

இது நமக்கெல்லாம் நெருக்கமான விஷயம் என்பதால் இலங்கையையே எடுத்துக்கொள்கிறேன். 2012 மார்ச்சில் இலங்கை பற்றிய ஜெனீவா மனித உரிமைகள் பேரவைத் தீர்மானம் 24–15–8 என்று நிறைவேறியது, இந்தியா ஆதரித்தது. 2014 மார்ச்சில் 23–12–12, இந்தியா வாக்களிப்பைத் தவிர்த்தது. அன்று தமிழ்நாட்டிலும் இங்கே புதுச்சேரியிலும் கோபப்படாதவர்கள் குறைவு, எனக்கும் கோபம் வந்தது. "இந்தியா மாறிவிட்டது" என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது.

2012 தீர்மானத்தின் 3ஆம் செயற்பத்தியில், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் உதவி இலங்கை அரசோடு கலந்து பேசி, அதன் இசைவோடு தரப்பட வேண்டும் என்று இருக்கிறது. இந்தியாவின் விளக்கத்திலும் அதே 'இசைவு' வருகிறது. 2014இல் 10ஆம் செயற்பத்தி, அந்த அலுவலகமே விசாரணை நடத்த வேண்டும் என்றது. அந்தப் பத்தியில் இசைவு என்ற பேச்சே இல்லை. இந்தியாவின் விளக்கம் பாய்ந்தது அங்கேதான்: இது தலையிடும் அணுகுமுறை, நாட்டின் இறையாண்மையைக் குறைக்கிறது என்றது. இந்தியா 2012இல் பிடித்த கயிற்றை 2014இலும் விடவில்லை, தீர்மானம்தான் அதைத் தாண்டிப் போனது. என் கோபம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எந்த வரியின் மேல் கோபப்பட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

காசாவுக்கும் இதையே செய்யுங்கள். விழுந்துபோன திருத்தத்தை ஒரு கையிலும், அக்டோபர் 7 தாக்குதல் கண்டிக்கத்தக்கது, பிணைக்கைதிகளை விடுவிக்க வேண்டும் என்ற இந்தியாவின் விளக்கத்தை இன்னொரு கையிலும் வைத்துப் படித்தால் அந்த மஞ்சள் புரியும். ஒப்பிடுவதற்கு அதே ஆண்டு டிசம்பர் 12 காசா தீர்மானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 153–10–23, இந்தியா ஆதரித்தது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த கீழூரின் நினைவிடத்துக்குப் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். 1954 அக்டோபர் 18 அன்று 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த 8 பேரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் தங்கள் வாக்குக்குக் காரணம் சொல்லக் கேட்க எனக்கு ஆசை.

சேர்க்கை: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், "நான் எடுத்த தீர்மானத்துக்கு வாக்கெடுப்பே இல்லை, ஆனாலும் நாடுகள் விளக்கம் சொல்கின்றனவே" என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி, நான் எழுதாமல் விட்டுவிட்டேன். ஒருமித்து நிறைவேறினால் அது 'நிலைப்பாட்டு விளக்கம்' என்ற பெயரில் வரும். அதில் ஒரு நாடு, தீர்மானத்தைத் தடுக்கவில்லை, ஆனால் இந்தப் பத்தியிலிருந்து விலகி நிற்கிறேன் என்று சொல்லலாம். எண்ணிக்கைப் பலகை இல்லாததால் எதிர்ப்பு தெரிவதே அந்தப் பேச்சில்தான். ஆகவே அங்கே படி 2இல் திருத்தங்களை மட்டும் பார்த்துவிட்டு, நேராகப் படி 3க்குப் போங்கள்.