டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்: இன்ஜெக்டரைக் கழற்றுவது கடைசி வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் ஒரு காரின் அன்றாட ஓட்டம் என்ன? காலையில் பள்ளிக்கூடம், பிறகு பசார், அப்புறம் செம்பனைக் காட்டுக்குள் செம்மண் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறுமுன்பே அணைத்துவிடுகிறோம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கு ஆகாத ஓட்டம் இதுதான். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனி இதில் எரிப்பறைக்குள்ளேயே இருக்கிறது. நுனித் துளைகளில் தங்கும் பெட்ரோல் சூட்டில் காய்ந்து கரியாகிவிடும். பெட்ரோல் பூவாய்ச் சிதறுவதற்குப் பதில் ஒரு பக்கமாய் ஒழுகத் தொடங்கும்.

முதலில் உங்கள் கார் இந்த ரகம்தானா என்று பாருங்கள். பெரோடுவா மைவியில் இருப்பது, பெட்ரோலை எரிப்பறைக்கு வெளியே, காற்று வரும் வழியில் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன். கீழே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது. புரோட்டோன் எக்ஸ்50 2020-இல் வந்தபோது உயர்ந்த ரகத்துக்கு மட்டுமே டைரக்ட் இன்ஜெக்‌ஷன், மற்றவற்றுக்குப் போர்ட். பெயரை வைத்து முடிவுகட்டாமல் கையேட்டைப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ரோன்97 போட்டால் இன்ஜெக்டர் சுத்தமாகும் என்பது பலருடைய நம்பிக்கை. ரோன் என்பது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து இன்ஜின் தட்டுவதை, தாங்கும் அளவு. கழுவும் மருந்து வேறு. கார் ரோன்95 போதும் என்று சொன்னால் அதுவே போதும், மிச்சப்படும் காசில் பி.இ.ஏ. (கரியைக் கரைக்கும் மருந்து) என்று போத்தலில் எழுதியிருக்கும் கிளீனரை வாங்குங்கள். 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, டேங்க் குறைவாக இருக்கும்போது கிளீனரை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை நிரப்ப வேண்டும். அந்த டேங்க் தீருமுன் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதை ஏற்றம் இதற்கு நல்ல இடம். இன்ஜின் ஆயில் மாற்றப்போகும் சமயத்தில் இதைச் செய்வது நல்லது, ஏனென்றால் கிளீனரில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். ஒரு விஷயம்: இந்த இன்ஜினில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்தப் போத்தலும் கழுவாது.

தோட்டத் தூசியால் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கையேட்டில் போட்டிருக்கும் தூரத்துக்குக் காத்திராமல் அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கென்று கடையோரம் போத்தலில் விற்கும் பெட்ரோலை இந்தக் காரில் ஊற்றவே கூடாது. அதில் கலந்த தண்ணீர் முதலில் பெட்ரோலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்பைத்தான் தின்னும்.

இனி கோளாறு. ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், இன்ஜெக்டர் அப்படித்தான் தட்டும். இன்ஜின் உதறினாலோ, செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலோ காரின் கோளாறு எண்களைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை வந்தால் எந்தச் சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது (சரியாக எரியாமல் தவறுகிறது) என்று தெரிந்துவிடும். உடனே ‘இன்ஜெக்டர் போச்சு’ என்று சொல்லும் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பி0303 வந்தால், பிளக்குக்கு மின்சாரம் தரும் 3-ஆம் சிலிண்டர் காயிலை 1-க்கு மாற்றுங்கள். மிஸ்ஃபயரும் 1-க்கு ஓடினால் காயில்தான் குற்றவாளி. ஓடவில்லையென்றால் ஸ்பார்க் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டரின் முறை.

அடுத்து ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயின் அழுத்தம். டேங்கில் இருக்கும் பம்ப் தருவது சுமார் 4 முதல் 6 பார். கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப் அதைப் பல கார்களில் ஐடிலில் 40-60 பாராகவும், அழுத்தி மிதித்தால் 150-200 பாராகவும் ஏற்றும். புதிய ரகங்களில் 350 வரைகூட. ஏற்றத்தில் மிதிக்கும்போது பிரஷர் ஏறாமல் விழுந்து, ரெயில் பிரஷர் குறைவு என்று சொல்லும் பி0087 வந்தால் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். நாலு இன்ஜெக்டர் மாற்றினாலும் அது தீராது. லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் +10%-ஐத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், இல்லையேல் அடைத்த இன்ஜெக்டர்.

ஒழுகும் இன்ஜெக்டர் வேறு மாதிரிக் காட்டிக்கொடுக்கும். கார் சூடாக அரை மணி நேரம் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், கரும்புகை வரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்படி நின்றிருக்கும்போது பிளக்குகளைக் கழற்றுங்கள். மற்றவை காய்ந்திருக்க ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர்தான்.

கழற்ற முடிவு செய்தால் முதலில் பாதுகாப்பு. 150 பாரில் பாயும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆறிய பிறகு ஸ்கேனரில் பிரஷர் இறங்கியிருப்பதைப் பார்த்து, துணியைச் சுற்றி இணைப்பை மெல்லத் தளர்த்துங்கள். அதற்கு முன் சுற்றியுள்ள செம்மண் தூசியைக் காற்றடித்து ஊதிவிட வேண்டும். திறந்த துளைக்குள் ஒரு மணல் விழுந்தால் போதும்.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், புல்லர் வைத்து எடுங்கள். நுனியில் உள்ள டெஃப்லான் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றியே ஆக வேண்டும். அதைக் கூம்பு வைத்து ஏற்றி, அளவுக் குழாயால் சுருக்க வேண்டும். ஆயில் தடவக் கூடாது. மேலே உள்ள ஓ-ரிங்குக்கு மட்டும் மெல்லிய ஆயில். ஹை பிரஷர் குழாயையும் பல தயாரிப்பாளர்கள் ஒரே முறைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

சோதிக்கிறேன் என்று பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்தால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் கருகிவிடும். பல இன்ஜெக்டர்களின் ரெசிஸ்டன்ஸ் 2 ஓமுக்கும் குறைவு. போர்ட் இன்ஜெக்டருக்கான 3-4 பார் மெஷினில் இவற்றைச் சோதித்தால் பலன் இல்லை. ஹை பிரஷர் பெஞ்ச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். சில கார்களில் புது இன்ஜெக்டரின் எண்ணை இசியூவில் (இன்ஜின் கணினியில்) பதிய வேண்டும், அதையும் அங்கேயே கேளுங்கள்.

பூட்டிய பிறகு ஃபியூஸைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் இரண்டு முறை போட்டு அணையுங்கள். டார்ச் அடித்து ஒழுகலைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மறுபடி பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்திருந்தால், கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் அன்றே மாற்றிவிடுங்கள்.