மழை வரும் போலிருக்கும் மதியத்தில் வானத்தைப் படிப்பது எப்படி? ஒரு கிளைடர் பாடம்

கிளைடர் என்ற சிறு விமானத்துக்கு இன்ஜின் கிடையாது. காற்று மேலே ஏறும் இடத்தைத் தேடிப் பிடித்தால்தான் அதற்கு உயரம். விமானி தேடுவதை நீங்களும் தேடிப் பழகலாம். சித்திரை, வைகாசியில் மேகம் கூடிவரும் ஒரு மதியமும் காரைக்குடிப் பக்கம் ஒரு மொட்டை மாடியும் இருந்தால் போதும்.

முதலில் கணக்கு. வானிலை ஆப்பில் வெப்பநிலையையும் பனிநிலையையும் (dew point, காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) பார்த்து, வித்தியாசத்தை 125-ஆல் பெருக்குங்கள். 37 டிகிரி, பனிநிலை 23 என்றால் மேகத்தின் அடி சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

அடுத்தது தரை. காய்ந்த செம்மண் பொட்டல், வறண்ட கண்மாய், நெருக்கமான ஓட்டு வீடுகள் ஆகியவற்றின் மேல் சூடான காற்று கிளம்பும், அதுதான் தெர்மல். தண்ணீர் நிற்கும் ஊரணிமேல் தேடாதீர்கள்.

அப்புறம் பருந்து. சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலே போகிறதா? அங்கே ஏற்றம் உண்டு. எந்தக் கருவியையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

இனி மேகம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அடி தட்டையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் வளரும் மேகம். விமானி அதை நோக்கிப் போவார். விளிம்பு பிய்ந்து கலைந்தால் அது முடிந்த கதை, அதன் கீழே காற்று இறங்கிக்கொண்டிருக்கும். பிற்பகலில் தொண்டிப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வரும்போது, அதன் முன்விளிம்பில் மேகங்கள் வரிசை கட்டலாம். அந்த வரிசையை ஒட்டியே, வட்டமடிக்காமல் நெடுந்தூரம் பறக்கலாம். அதன் கடற்புறம் போய்விட்டால் காற்று குளிர்ந்து தெர்மல் செத்துவிடும்.

மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து அடி கறுக்கிறது என்றால் உஷாராகுங்கள். அதன் கீழே எங்கே திரும்பினாலும் தாராளமாக ஏற்றம் கிடைக்கும். புது விமானி மயங்குவது இங்கேதான். மேகமே கிளைடரை உள்ளே இழுத்துக்கொள்ளும். விலகுவதுதான் சரி.

கடைசியாக இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையிலான விநாடிகளை 3-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். 30 விநாடிக்குள் கேட்டால் மாடியில் நிற்காதீர்கள். மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்றில் காற்றின் திசை சட்டென்று மாறும், தரையிறங்குவது ஆபத்து. அது வருமுன்பே விமானி இறங்கி கிளைடரைக் கட்டிப்போட்டிருப்பார். நீங்களும் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டு கீழே போங்கள்.