மீட்டர் காட்டிய 318

மதுரை மாட்டுத்தாவணியில் எனக்குப் பழ வியாபாரம். போன மாம்பழ சீசனில் கடையிலேயே விரலைக் குத்திச் சுகர் பார்த்தேன்: 318. மறுநாள் 290. மாத்திரை தவறவில்லை, ஒரு துண்டு பழம்கூடத் தின்னவில்லை. வீட்டில்தான் யாரும் நம்பவில்லை!

ஆனால் சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 7.1தான்; 300 பக்கம் சுகர் ஓடுகிறவருக்கு வரும் அளவு இல்லை அது. கணக்கு இடித்தது. "குத்துறதுக்கு முன்னாடி கை கழுவுனீங்களாண்ணே?" என்று கேட்டார் லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன் என்றேன். அது பழச்சாற்றை முழுசாக எடுக்காதாம். விரல் நுனியில் காய்ந்திருந்த பிசுக்கு ரத்தத் துளியோடு கலந்து அளவை ஏற்றியிருக்கிறது.

சரி என்று சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்தினேன்: 164. நல்லவேளை, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவில்லை. இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சோப்பு டப்பா இருக்கிறது.