பாயிண்ட், காயின், கேஷ்பேக்: குமரி மாவட்டத்தில் இருந்து ஆன்லைனில் வாங்குவோருக்கு

அமேசான் பிரைம் (கட்டணம் கட்டினால் வேகமான இலவச டெலிவரியும் படமும் தரும் மெம்பர்ஷிப்) எடுக்கலாமா என்று கேட்கிற எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். ஆப்பைத் திறந்து, பழைய ஆர்டர்களில் ஒரு வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். என்ன வாங்கினீர்கள், மொத்தம் எவ்வளவு, அதில் டெலிவரிக்கு மட்டும் எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதினால் போதும். முழு பிரைம் வருஷத்துக்கு 1,499 ரூபாய், பிரைம் லைட் 799, படமெல்லாம் வேண்டாம் டெலிவரி மட்டும் போதும் என்றால் ஷாப்பிங் எடிஷன் 399. வீட்டில் யாரும் பிரைம் வீடியோ பக்கமே போவதில்லை என்றால் 1,499 கொடுப்பதற்குக் காரணமே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே நாளில் டெலிவரி என்று விளம்பரம் சொல்லும், ஆனால் அது 629-இல் தொடங்கும் எல்லா பின்கோடுக்கும் ஒன்றுபோல் கிடைக்காது. நாகர்கோவில் டவுனுக்குள் இருப்பவருக்குக் காட்டும் தேதி வேறு, பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பவருக்குக் காட்டும் தேதி வேறாக இருக்கலாம். நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐந்தாறு பொருளை எடுத்து, உங்கள் பின்கோடைப் போட்டு, பிரைமோடு எந்தத் தேதி, பிரைம் இல்லாமல் எந்தத் தேதி என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள்தான் வித்தியாசம் என்றால் அந்த வசதிக்கு உங்கள் ஊரில் மதிப்பு குறைவு.

கார்டோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அமேசான் பே ஐசிஐசிஐ கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதமும் மற்றவருக்கு 3 சதவீதமும் திரும்பி வரும். வித்தியாசம் 2 சதவீதம்தான். அதை மட்டும் வைத்து 1,499 ரூபாயை எடுக்க வேண்டும் என்றால் வருஷத்தில் 74,950 ரூபாய்க்கு வாங்கியாக வேண்டும்! அவ்வளவு வாங்காத வீட்டுக்கு பிரைம் இல்லாமல் அந்தக் கார்டு மட்டும் இருந்தாலே லாபம். கட்டணம் வாங்கும் கார்டு என்றாலும் இதே முறைதான். 999 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,179 என்று வைத்துக்கொள்வோம், 5 சதவீதம் தரும் கார்டு என்றால் சுமார் 23,600 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் உங்கள் கைக்கு ஏதாவது மிஞ்சும்.

பாயிண்ட் என்று பெரிய எண்ணாகக் காட்டினால் அதை உடனே ரூபாயாக மாற்றிப் பாருங்கள். டாடா நியூ ஆப்பில் தரும் ஒரு நியூகாயின் ஒரு ரூபாய், அது நேரான கணக்கு. ஆனால் பல வங்கிக் கார்டுகளில் ஒரு பாயிண்ட் 25 காசுதான், 4,000 பாயிண்ட் சேர்ந்துவிட்டது என்றால் ஆயிரம் ரூபாய், அதை எடுக்கப் போனால் அதற்கு ஒரு கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் இருக்கின்றன. பெரும்பாலான பாயிண்டுக்கும் காயினுக்கும் காலாவதி தேதி உண்டு, போன் காலண்டரில் குறித்து வையுங்கள். அம்மா ஒரு அக்கவுண்ட், மைனி ஒரு அக்கவுண்ட், தம்பி ஒரு அக்கவுண்ட் என்று பிரித்து வாங்கினால் யார் கணக்கிலும் உருப்படியாகச் சேராது. வீட்டுச் சாமானுக்கு ஒரே அக்கவுண்ட் வைத்துக்கொண்டால் காயின் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், தீரும் தேதியும் கண்ணில் படும்.

சரி, பெரிய சாமான் வாங்கும்போது என்ன செய்வது? இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ 28,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்குகிறீர்கள், குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அதிகபட்சம் 1,500 ரூபாய் என்று இருக்கும். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்தச் சலுகையின் முழுப் பலனும் 15,000 ரூபாய் பில்லோடு முடிந்துவிடுகிறது. அதனால் மிக்சி, ஃபேன், மெஷின் எல்லாவற்றையும் ஒரே பில்லில் போடாமல், ஒரு கார்டுக்கு எத்தனை தடவை அந்தத் தள்ளுபடி கிடைக்கும் என்று விதிமுறையைப் படித்துவிட்டு, வீட்டில் வேறு யாரிடமாவது அதே வங்கிக் கார்டு இருந்தால் பிரித்து வாங்குங்கள். துபாயில் இருக்கும் மாமா தன் அங்கத்திய கார்டு நம்பரை அனுப்பினால் இந்தத் தள்ளுபடி பொதுவாகப் பிடிக்காது, இங்குள்ள வங்கி கொடுத்த கார்டு வேண்டும்.

தள்ளுபடி பார்ப்பதற்கு முன்னால் விலை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீப்பா, பைஹாட்கே மாதிரி விலை வரலாறு காட்டும் தளத்தில் அந்தப் பொருளின் லிங்கைப் போட்டால் சில மாதங்களாக என்ன விலைக்கு விற்றது என்று தெரியும். எம்ஆர்பி-யில் 60 சதவீதம் குறைவு என்று சொல்வதை நம்பவே வேண்டாம்.

விலை சரி என்றால் கேஷ்கரோ போன்ற கேஷ்பேக் தளம் வழியாகப் போகலாம். கடைக்காரர் தரும் கமிஷனில் ஒரு பங்கை அவர்கள் நமக்குத் தருகிறார்கள், நீங்கள் அந்த வழியாகத்தான் வந்தீர்கள் என்று பதிவானால் மட்டும். ஆகவே ஆப்பில் ஏற்கெனவே சேர்த்து வைத்த பொருள்களை (ஷாப்பிங் கார்ட்) காலி செய்துவிட்டு, விளம்பரத் தடுப்பானை அணைத்துவிட்டு, தளத்தில் இருக்கும் பட்டனைத் தட்டி, அதே மூச்சில் பொருளைச் சேர்த்துப் பணம் கட்டி முடித்துவிடுங்கள். இடையில் வேறு கூப்பன் தளத்தைத் திறந்தால் பதிவு அங்கே போய்விடும். ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகே பணம் உறுதியாகும், இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். போனுக்கு மிகக் குறைவாகத்தான் தருவார்கள், துணிக்கும் அழகுப் பொருளுக்கும் நன்றாகவே கிடைக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லை என்று சொல்லும் மாதத் தவணை, பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 24,000 ரூபாய் பொருள், 6 மாதம், மாதம் 4,000. வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிட்டதாகக் காட்டுவார்கள், சரிதான். ஆனால் வங்கி உள்ளே ஆண்டுக்கு 16 சதவீத வட்டி போடுகிறது என்றால் அது சுமார் 1,081 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும், சுமார் 195. பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 430 ரூபாய். இதைவிடப் பெரிய இழப்பு, இஎம்ஐ-யில் வாங்கினால் பல கார்டுகள் கேஷ்பேக்கே தராது, அமேசான் பே ஐசிஐசிஐ கார்டும் தராது. 5 சதவீதம் என்றால் 1,200 ரூபாய் அங்கேயே போய்விட்டது.

கிரெடிட் கார்டு பில்லை முழுசாக, தேதிக்குள் கட்ட முடியாதவர் இந்த விளையாட்டுக்கே வரக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நம்ம மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் மாதச் சம்பளம் வருவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. மே மாத ஆஃபரில் 20,000 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய் கேஷ்பேக் பெற்றவர், மாதம் 3.5 சதவீத வட்டியில் இரண்டு மாதம் பாக்கி வைத்தால் 1,400 ரூபாயும் மேலே ஜிஎஸ்டியும் கட்டுவார். அந்த மாதங்களில் டெபிட் கார்டு, யுபிஐ சலுகை மட்டும் பாருங்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு ஆன்லைன் விலையை, எல்லாத் தள்ளுபடியும் கழித்துக் கடைசியாகக் கட்ட வேண்டிய தொகையைப் போனில் காட்டி, செட்டிகுளத்திலோ மார்த்தாண்டத்திலோ உங்களுக்குப் பழக்கமான கடையில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். 500 ரூபாய் கூடுதல் என்றாலும் வீட்டில் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்து, பழுதானால் போன் எடுக்கும் கடை என்றால் நான் அங்கேதான் வாங்குவேன்.

மெம்பர்ஷிப் எடுத்த அன்றே ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள், கட்டிய காலம் முழுக்க சலுகை அப்படியே இருக்கும். அணைக்க மறந்தாலும், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜைத் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆட்டோபே (யுபிஐ வழியாகத் தானாகப் பணம் எடுக்கும் வசதி) என்றால் யுபிஐ ஆப்பிலேயே ரத்து செய்யலாம்.

உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்றோடு முடிகிறது, இதை இன்ஸ்டால் செய்யுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தால் அது திருட்டு. எந்த வங்கியும் அப்படி அனுப்பாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள், தெரியாமல் தட்டிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டு வங்கியையும் கூப்பிட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்ன தள்ளுபடியைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.