மைலேஜை நீங்களே கணக்குப் போடுங்கள்

சொந்தக்காரர்கள் யார் கார் பார்க்கப் போனாலும் காரின் விவரங்கள் போட்ட ஸ்பெக் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்று கேள்வி. தாளில்தான் போட்டிருக்கிறதே என்றால் நம்புவதில்லை. நம்பாததும் சரிதான். அந்த எண் சோதனைக்கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, குறித்த வேகங்களில் ஓட்டி எடுத்தது. பல சோதனைகளில் ஏசியைக்கூடப் போடுவதில்லை. இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும், செலவைக் கணக்கிட உதவாது.

உண்மையான மைலேஜுக்கு டேங்கை நிரப்பி நிரப்பிப் பார்ப்பதுதான் வழி. பெட்ரோல் பம்பின் நாசில் (குழாய் முனை) தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். பாதி டேங்குக்கு மேல் காலியானபின் அதே பம்பில், அதேபோல் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். 476 கிலோமீட்டர் ஓடி, 29.75 லிட்டர் பிடித்தால், 476-ஐ 29.75-ஆல் வகுக்க 16 வரும். பாதிக்கு மேல் ஏன் என்றால், நாசில் நிற்கும் இடம் கொஞ்சம் முன்பின் ஆகும். ஒரு லிட்டர் பிசகு 8 லிட்டரில் பெரிய பிழை, 30 லிட்டரில் சுமார் 3 சதவீதம்தான். டேஷ்போர்டு காட்டும் சராசரி பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

நாசில் நின்றபின் “இன்னும் கொஞ்சம்” என்று ரவுண்டு தொகைக்கு நிரப்பாதீர்கள். மேலே விட்டிருக்கும் காலியிடம் பெட்ரோல் சூட்டில் விரிவதற்கு. அதையும் அடைத்தால் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் திரவமே போய்விடும். அது கெட்டால் செலவுதான்.

இப்போது டேங்க் அளவு. 42 லிட்டர் டேங்க் என்றதும் “அடேயப்பா, நிறைய ஓடும்” என்பார்கள். ரிசர்வ் என்று 5 லிட்டரைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். லிட்டருக்கு 13 தரும் 42 லிட்டர் கார் 481 கிலோமீட்டர் போகும். 16 தரும் 37 லிட்டர் கார் 512 போகும். ரிசர்வைத் தொடும்வரை ஓட்டுவதை வழக்கமாக்கவும் வேண்டாம்: பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர்விப்பதே எரிபொருள்தான்.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று. 20 தரும் காரை விட்டு 22 தரும் காருக்கு மாறினால் 1,000 கிலோமீட்டருக்கு சுமார் நாலரை லிட்டர் மிச்சம். 10-லிருந்து 12-க்குப் போனால் பதினாறரை லிட்டருக்கு மேல்! இரண்டிலும் வித்தியாசம் 2 தான். ஆகவே கிலோமீட்டரை ஒப்பிடாதீர்கள், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் காரில் ஒன்றிரண்டு கூடுதலுக்காகப் பிடிக்காத மாடலை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மீதித் தாளில் குதிரைத்திறனைவிட டார்க்கை, அதாவது இன்ஜின் சுழற்றும் விசையைப் பாருங்கள். அந்த டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) வருகிறது என்பதையும். 2,000-த்திலேயே வந்தால் ஆளும் மூட்டையும் ஏறிய வண்டி மேட்டில் திணறாது. 4,400-க்கு மேல்தான் வருமென்றால் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். கெர்ப் எடை என்பது ஆள் ஏறாத எடை. ஐந்து பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் 400 கிலோ எளிதாகக் கூடும். வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸையும் பெரும்பாலும் காலி வண்டிக்கே சொல்வார்கள், விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பேர் வண்டி என்றால் பூட் (டிக்கி) லிட்டர் எண்ணைப் பார்க்கும்போது மூன்றாம் வரிசையை மடித்து அளந்ததா, நிமிர்த்தியா என்று பாருங்கள். நிமிர்த்தினால் பல வண்டிகளில் இரண்டு பைகள்தான் கொள்ளும்.